இரண்டாம் டெங்குவுக்கு ஒரு சொல் வேண்டும்

மூதூரிலிருந்து:
வணக்கம். டெங்குத் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறது. டெங்கு வைரசில் 4 வகை. ஒரு வகை வந்து மாறியவருக்குப் பிறகு வேறு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரி (முதல் தொற்றில் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம், antibody) போய் அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்தபடியே, கிருமி தின்னும் பெருந்தின்குழியத்துக்குள் (macrophage) இழுபட்டுப் போக, வைரஸ் அங்கேயே பெருகும். ‘பிறபொருளெதிரி சார் தொற்று மிகைப்பு’ என்று எழுதி அம்மாவிடம் வாசித்தேன். “யாருக்கு மகள் இது?” என்றார்.

உப்புவெளியிலிருந்து:
மகள், மிகைப்பு என்றால் கூடிவிட்டது என்று தெரியும், எப்படி என்று தெரியாது. வேலியே பயிரை மேய்ந்த கதைதானே? ‘வேலிமேய்வு’ என்று போடுங்கள். நிற்க, நோயெதிர்ப்புக்குப் (immunity) பாடநூல் சொல்லும் ‘நிர்ப்பீடனம்’ மீதே எனக்கு வழக்குண்டு. அதன் லத்தீன் மூலம் நோயைப் பற்றியதல்ல. வரி, ஊர்க்கடமை இவற்றிலிருந்து விலக்கு. அதற்குச் சோழர் கல்வெட்டில் ‘இறையிலி’ என்று சொல் கிடக்கிறது. திருகோணமலைப் பெரியகுளத்து வெல்கம் விகாரையில், அன்றைய பெயரில் இராசராசப் பெரும்பள்ளிக்கு, விளக்கும் பசுவும் கொடுத்த தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள், அந்தத் தமிழுக்கு என்ன குறை? ஆகவே ‘நோயிறையிலி’.

கிண்ணியாவிலிருந்து:
சேர், அதை கிளினிக் சுவரில் ஒட்டினால் ‘இறைவன் இல்லை’ என்று வாசிப்பார்கள். பிறகு நான் பள்ளிவாசல் பக்கம் போகேலாது. 2017இல் எங்கள் ஊரை டெங்கு புரட்டியெடுத்தபோது உம்மா கேட்டது ஒன்றுதான்: “ஒருக்கா வந்தது இனி வராதுதானே?” அதற்கு மறுமொழியாக ஒரு சொல் வேண்டும். வேலிமேய்வு அழகு, ஆனால் பிழை. வேலி எதையும் தின்னவில்லை. பிறபொருளெதிரி இரு கையாலும் வைரசைப் பிடிக்கிறது, பிறபொருளெதிரியின் வாலைத் தின்குழியம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ‘காட்டிக்கொடுப்பு’?

மூதூரிலிருந்து:
அந்தச் சொல் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து:
விளங்குது. எடுத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குழியம் என்றால் எங்களுக்குப் பள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. ‘செல்’ போதாதா?

உப்புவெளியிலிருந்து:
தம்பி, செங்குழியம், வெண்குழியம் படித்த எங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளத்திலும் விழவில்லை. 1882இல் இத்தாலியின் மெசினாவில் உயிரியலாளர் மெச்னிகோவ் நட்சத்திரமீன் குடம்பிக்குள் (larva) முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி மொய்த்து நின்றவைதான் இந்தத் தின்குழியங்கள். அவற்றின் கிரேக்கப் பெயரிலும் இருப்பது ‘தின்’தான். தின்குழியத்தில் கைவைக்க விடமாட்டேன்.

சீனன்குடாவிலிருந்து:
நான் துறைமுகத்து ஆள். வெளிக் கப்பலை உள்ளே கூட்டிவருகிறவரைப் பைலட் என்போம். இதுவும் அந்த வேலைதானே செய்கிறது? ‘உட்கூட்டல்’ என்றால் என்ன?

உப்புவெளியிலிருந்து:
ஆகா! பைலட் என்ன பைலட், மீகாமன்! மீ என்றால் மேல்…

சீனன்குடாவிலிருந்து:
ஐயா, கூட்டல் என்றது கணக்குக் கூட்டலாகிவிடும் போலிருக்கிறது. நானே திருப்பி எடுக்கிறேன்.

மூதூரிலிருந்து:
அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். தலைப்பில் ‘வேலிமேய்வு’ போகிறது. அதன்கீழ்: ‘முன்பு டெங்கு வந்தவருக்கு மறுபடி வந்தால் கடுமையாகலாம், காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்திருக்கவேண்டாம்.’ அம்மாவுக்கு விளங்கியது.

கிண்ணியாவிலிருந்து:
வேலி தின்னவில்லை என்பதை நான் விடவில்லை. எங்களுக்கு 200 பிரதி வேண்டும்.

உப்புவெளியிலிருந்து:
மீகாமனை அடுத்த பதிப்பிலாவது யோசியுங்கள், மகள்.