வறண்ட மேய்ச்சல் தரையில் புல் பிடிக்க ஹைட்ரோஜெல் போடலாமா?

வறள்காடு:
கொழுக்கட்டைப்புல் விதை முளைத்துவிடுகிறது. வேர் ஆழம் பார்க்குமுன் மேல்மண் காய்ந்துவிடுவதுதான் சிக்கல். ஹெக்டேருக்கு 20 கிலோ ஹைட்ரோஜெல் குருணை (நீரை உறிஞ்சி ஊதி, பிறகு மெல்ல விடும் பாலிமர்) போட்டால், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே நாற்று தாங்கும்.

செம்மண்:
கணக்குப் போடுங்கள். 20 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 2 கிராம். எடையைப்போல் 200 மடங்கு நீர் பிடித்தாலும் 400 மில்லி, அதாவது 0.4 மி.மீ. மழை. வெயில் நாளில் அது சில மணி நேரம்கூடக் காணாது. உப்புள்ள மண்நீரில் அந்த 200 மடங்கும் வெகுவாகக் குறையும்.

வறள்காடு:
முழுத் தரைக்கும் தூவச் சொல்லவில்லையே! 1 மீட்டர் இடைவெளியில் சால் (உழுத பள்ளக் கோடு) பிடித்து, 5 செ.மீ. அகலப் பட்டையில் மட்டும் போட்டால் அதே 20 கிலோ 8 மி.மீ. ஆகிறது. இளம் நாற்றுக்கு அது பெரிய வித்தியாசம்.

செம்மண்:
8 மி.மீ. சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த நீர் உள்ளே இறங்க வேண்டுமே! மேலே பொருக்குக் கட்டிய தரையில் மழை வழிந்தோடிவிடும், ஜெல் காய்ந்தே கிடக்கும். முதலில் பொருக்கின் காரணத்தைப் பாருங்கள். பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை மழைநீரில் மெல்லப் போட்டு, கலக்காமல் 2 மணி நேரம் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் மிகுந்த களர்மண், ஜிப்சம் (சோடியத்தை விலக்கும் கால்சியம் தாது) கேட்கும். ஹெக்டேருக்கு 2 முதல் 5 டன், அளவை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யலாம். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் மண்ணில் மக்கு (மக்கிய தழை, எரு) குறைவு. அங்கே ஜிப்சம் வீண்.

தழைமண்:
மக்கு குறைவு என்றதும் பச்சைச் சாணத்தையோ மரத்தூளையோ கொட்டிவிட வேண்டாம். சாணத்தோடு களை விதையும் வரும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் ஒருபருவக் களை முந்திக்கொண்டு பல்லாண்டுப் புல்லை அமுக்கிவிடும். மரத்தூளைக் கலந்தால் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நன்கு மக்கிய எரு போதும், அதுவும் சாலுக்குள் மட்டும்.

வறள்காடு:
சரி, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் சமமட்டக் கோட்டில் சால், தேவைப்பட்டால் ஜிப்சம், அதன் பிறகு ஜெல். ஜெல்லை நான் விடுவதாக இல்லை.

செம்மண்:
போடுவதானால் 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் போடுங்கள், விதை 1 செ.மீ.க்குள் இருக்கட்டும். விதையை ஒட்டிப் போட்டால் குருணை ஊதி விதையை வெளியே தள்ளிவிடும். ஐந்தாவது சால் ஒவ்வொன்றையும் ஜெல் இல்லாமல் விட்டு, 30ஆம் நாள் மீட்டருக்கு எத்தனை நாற்று என்று இரண்டிலும் எண்ணுங்கள். அதுவரை ஆடு மாடு உள்ளே வரக் கூடாது.