அப்படியானால் யார்தான் நீங்கினார்?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

பெரியப்பா (6:41)
ஃபார்வர்டு: ‘அமெரிக்க வரலாற்றில் பதவி நீக்கம் செய்யப்பட்ட அதிபர்கள் இதுவரை மூன்று பேர்! அனைவருக்கும் பகிரவும்.’

சித்தி (7:05)
விடிந்ததும் அமெரிக்காவா அத்தான்?

நான் (7:20)
பெரியப்பா, ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், டிரம்ப் மூவர் மீதும் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது உண்மை. டிரம்ப் மீது இரண்டு தடவை. ஆனால் நான்கிலும் மேல்சபையான செனட்டில் தப்பிவிட்டார்கள். ஒருவரையும் நீக்கவில்லை.

பெரியப்பா (7:24)
பேப்பரில் ‘பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டானே! கிளின்டனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் (7:29)
அந்தச் சொல்தான் குழப்புகிறது. பிரதிநிதிகள் சபையில் பாதிக்கு மேல் கை தூக்கினால் அது குற்றப்பத்திரிகை மாதிரி, அவ்வளவுதான். தீர்ப்பு செனட்டில். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

சித்தி (7:31)
அதிபர் நிக்சனையும் நீக்கவில்லையா?

அண்ணன் (7:38)
அவர் மீது முழுச் சபையில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை சித்தி. சொந்தக் கட்சி மூத்தவர்களே நேரில் போய் ‘செனட்டில் உங்களுக்கு ஆள் இல்லை’ என்று சொன்னார்கள். அடுத்த நாள் ராஜினாமாவை அறிவித்துவிட்டு, 1974 ஆகஸ்ட் 9 அன்று கிளம்பிவிட்டார். இதில் உண்மையில் பதவியை விட்டுப் போன ஒரே ஆள், தீர்மானமே நிறைவேறாத அவர்தான்!

பெரியப்பா (7:44)
ஜெயிக்காது என்று தெரிந்தும் எதற்குக் கொண்டுவருகிறார்கள்?

அண்ணன் (7:46)
பெயரைக் கெடுக்கத்தான் அப்பா. வேறென்ன?

நான் (7:58)
எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது அண்ணா. ஆனால் 1868இல் ஜான்சன் கதை நீ சொல்கிற மாதிரிதான். செனட்டைக் கேட்காமல் அமைச்சரை நீக்கக் கூடாது என்று முந்தைய வருடம்தான் ஒரு சட்டம் போட்டார்கள். பொறி வைத்த மாதிரி. ஜான்சன் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார், அதை வைத்தே தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஸ்டான்டனோ போக மறுத்து, அலுவலகத்துக்குள்ளேயே கதவடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

சித்தி (8:00)
சாப்பாடு?

நான் (8:09)
அதைவிட வேடிக்கை இருக்கிறது சித்தி. லிங்கன் கொல்லப்பட்டதால் மேலே வந்தவர் ஜான்சன், அதனால் துணை அதிபரே கிடையாது. அவர் போனால் அடுத்த ஆள் செனட்டின் தற்காலிகத் தலைவர் வேட். அந்த வேட் செனட்டராகவும் உட்கார்ந்து, ‘குற்றவாளி’ என்று ஓட்டும் போட்டார்! வேட் வருவதற்கு ஜான்சனே மேல் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். தீர்மானம் கொண்டுவந்த குடியரசுக் கட்சியிலேயே ஏழு பேர் மாற்றிப் போட, 35–19. இன்னும் ஒரு ஓட்டு இருந்தால் கதையே வேறு.

பெரியப்பா (8:13)
தனக்கு நாற்காலி கிடைக்கத் தானே ஓட்டுப் போட்டாரா! அடேயப்பா.

அண்ணன் (8:21)
கிளின்டன் விஷயத்தில் அடி திரும்பி விழுந்தது. 1998 நவம்பர் தேர்தலில் எதிர்க்கட்சி அள்ளும் என்று நினைத்தார்கள், அதிபர் கட்சிக்கு 5 இடம் கூடியது. சபாநாயகர் கிங்ரிச் விலகுவதாக அறிவித்தார். அப்படியும் டிசம்பரில் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். உடனே வந்த கேலப் நிறுவனக் கருத்துக்கணிப்பில் கிளின்டனுக்கு ஆதரவு 73 சதவீதம்!

நான் (8:27)
தென்கொரியாவில் 2004இல் இன்னும் மோசம். அதிபர் ரோ மூ-ஹியுன் மீது 193–2 என்று நிறைவேற்றினார்கள். அடுத்த மாதமே தேர்தல். அவரை ஆதரித்த சிறு கட்சி 299இல் 152 இடம் பிடித்தது. அப்புறம் நீதிமன்றமும் தீர்மானத்தைத் தள்ளிவிட்டது.

பெரியப்பா (8:30)
அப்படியானால் யாரையுமே அனுப்ப முடியாதா?

நான் (8:37)
அதே கொரியாவில் 2017இல் பார்க் கியுன்-ஹே, 2025இல் யூன் சுக்-யோல் இருவரும் போனார்கள். அங்கே கடைசி முடிவு அரசியல் சாசன நீதிமன்றத்தின் கையில். இரண்டு தடவையும் எட்டு நீதிபதிகளும் ஒரே குரல். அமெரிக்காவில் தீர்மானம் போடுகிறவரும் நீதிபதி இடத்தில் உட்காருகிறவரும் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும், அதுதான் சிக்கல். 2021இல் சொந்தக் கட்சியின் டிரம்புக்கு எதிராக ஓட்டுப் போட்ட பிரதிநிதிகள் பத்துப் பேர். நாலு பேர் மறுபடி போட்டியிடவே இல்லை. நாலு பேர் உட்கட்சித் தேர்தலிலேயே காலி. திரும்பி வந்தது இரண்டே பேர்.

சித்தி (8:40)
அதைப் பார்த்த பிறகு எவன் கை தூக்குவான்?

பெரியப்பா (8:52)
சரி, தப்பான செய்தியை நீக்கிவிட்டேன்.

அண்ணன் (8:53)
எங்களுக்கு இன்னும் தெரிகிறதே அப்பா.

நான் (8:54)
உங்கள் போனில் மட்டும் நீக்கியிருக்கிறீர்கள் பெரியப்பா.

பெரியப்பா (8:55)
நடைப்பயிற்சிக் குழுவிலும் அப்படித்தான் செய்து தொலைத்தேன். அங்கே ஏழு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.