பிறந்தநாள் பட்டியலில் கண்ணதாசனும் எம்.எஸ்.வி.யும் வரவே இல்லை: எக்செல் தெரிந்தவர்கள் உதவவும்

கிளைநூலகம்:
வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், இசைக் கலைஞர்கள், பாடலாசிரியர்களின் பிறந்தநாளன்று வாசல் பலகையில் அவர்கள் பெயரை எழுதுவோம். மாலையில் அவர்களுடைய பாட்டு ஒன்றையும் போடுவோம். சுமார் 60 பேரின் விவரத்தை நூலகத்துக்கு வந்த புதிய கணினியில் எக்செலில் ஏற்றியிருக்கிறோம். எல்லாமே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில்தான் அடித்தது.

இப்போது ஏ.ஆர்.ரஹ்மான் (6/1/1967) ஜூன் மாதத்தில் வருகிறார். எஸ்.பி.பி. (4/6/1946) ஏப்ரலுக்குப் போய்விட்டார். நா.முத்துக்குமார் (12/7/1975) டிசம்பரில் நிற்கிறார். வைரமுத்து (13/7/1953) எந்த மாதத்திலும் இல்லை. கண்ணதாசன் (24/6/1927), எம்.எஸ்.விஸ்வநாதன் (24/6/1928) இருவரையும் காணவே காணோம். ஆனால் 3/3 என்று போட்ட பி.ஜெயச்சந்திரனும் ஷங்கர் மகாதேவனும் சரியாக மார்ச்சில் இருக்கிறார்கள்!

இன்னொன்று. கவிஞருக்கும் மெல்லிசை மன்னருக்கும் ஒரே தேதி இருக்க வாய்ப்பில்லை, யாரோ மேல் வரியை நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள், ஒன்றை அழித்துவிடலாம் என்கிறார் வட்டத்தில் ஒருவர். அழிக்கலாமா?

பழையரெக்கார்டு:
தயவுசெய்து அழிக்காதீர்கள். இரண்டு பேருமே ஜூன் 24தான். கவிஞர் 1927இல் காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், இயற்பெயர் முத்தையா. எம்.எஸ்.வி. சரியாக ஒரு வருடம் கழித்து பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தார். தமிழ்ப் பாட்டில் இவ்வளவு பொருத்தமான ஜோடிப் பிறந்தநாள் வேறு கிடையாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு முழுக்க அவர்கள் பாட்டுதான்.

கட்டங்கள்:
சார், கோளாறு உங்கள் பட்டியலில் இல்லை, கணினியின் வட்டார அமைப்பில் இருக்கிறது. புதிய கணினி அமெரிக்க முறையில் இருக்கும். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. அதனால் 6/1 என்பதை ஜூன் 1 என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பட்டியலிலேயே சாட்சி இருக்கிறது. முத்துக்குமாரும் வைரமுத்துவும் ஜூலையில் அடுத்தடுத்த நாள்காரர்கள். 12/7 என்றால் பன்னிரண்டாவது மாதம் உண்டு, அதனால் டிசம்பர் 7 ஆக்கிவிட்டது. 13/7 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் தேதி என்றே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. 24/6க்கும் அதே கதி. 3/3ஐ எப்படிப் புரட்டினாலும் 3/3தான், ஜெயச்சந்திரன் தப்பித்தார். கட்டத்தை அகலமாக்கிப் பாருங்கள். தேதியாக எடுத்துக்கொண்டது வலது ஓரத்தில் ஒட்டியிருக்கும், எழுத்தாக நிற்பது இடது ஓரத்தில் இருக்கும்.

விண்டோஸ் அமைப்பில் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே புரண்ட தேதிகள் தானாகத் திரும்பாது. ரஹ்மான் உள்ளே ஜூன் 1 ஆகவே பதிவாகியிருப்பார். அமைப்பை மாற்றிய பிறகு தேதிப் பத்தி முழுவதையும் கையெழுத்துப் பட்டியலைப் பார்த்து மறுபடி அடிப்பதுதான் நம்பகமான வழி.

கிளைநூலகம்:
மிக்க நன்றி சார். மாற்றி அடித்தோம். ரஹ்மான் ஜனவரி 6க்கு வந்துவிட்டார். இப்போது அடுத்த சிக்கல். பலகைக்கான தாளில் தேதியைப் போட்டால் பெயர் வருகிற மாதிரி விலுக்கப் (VLOOKUP, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) போட்டிருக்கிறோம். ஜூன் 24 கொடுத்தால் கண்ணதாசன் மட்டும் வருகிறார், எம்.எஸ்.வி. வரவில்லை. அப்புறம் முத்துசுவாமி தீட்சிதர் (24/3/1775) மட்டும் இன்னும் இடது ஓரத்திலேயே இருக்கிறார்.

கட்டங்கள்:
விலுக்கப் முதலில் கண்ணில் பட்டவரைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இரண்டாவது ஆளைத் தேடவே தேடாது. எக்செலின் தேதிக் கணக்கு 1900இல்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் பிறந்தவர்கள் எல்லாருமே எழுத்தாகத்தான் நிற்பார்கள்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து, வெறும் எண்ணாக அடியுங்கள். தலைப்பு வரியில் ஃபில்டர் போட்டு மாதம் 6, நாள் 24 என்று தேர்ந்தெடுத்தால் அன்றைக்குப் பிறந்த அத்தனை பேரும் வருவார்கள். தீட்சிதரும் வருவார்.

ஒரே தேதியில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். 23 பேர் இருந்தாலே யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 60 பேர் என்றால் அது 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஒரு ஜோடிகூட இல்லையென்றால்தான் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

பங்குனிராகம்:
ஃபில்டர் போட்டதும் ஜனவரி 6ஐப் பாருங்கள். ரஹ்மானோடு கர்நாடக இசைப் பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியமும் வர வேண்டும். மாயவரம் பக்கம் கூடலூரில் 1910இல் பிறந்தவர். 1940இல் வந்த சகுந்தலை படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு ஜோடியாக நடித்தவரும் இவரே. ரஹ்மான் பெயரைப் பார்த்து நிற்கிற பிள்ளைகள் காதில் ஜி.என்.பி.யும் விழட்டுமே.

மே 15இல் டி.கே.ராமமூர்த்தியும் (1922) சந்தோஷ் நாராயணனும் (1983) சேர்ந்து வருவார்கள். ராமமூர்த்தியை விட்டுவிடாதீர்கள். 1965 வரை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரண்டு பெயரில்தான் இசை வந்தது, நாம் பாதிப் பேரைத்தான் நினைக்கிறோம்.

கிளைநூலகம்:
இப்போது எல்லாரும் வருகிறார்கள், மிகுந்த நன்றி. ஜூன் 24க்குச் ‘சொன்னது நீதானா’ போடலாம் என்று நினைக்கிறோம், சரிதானே? இளையராஜாவுக்கு மட்டும் ஒருவர் 2 என்றும் ஒருவர் 3 என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பழையரெக்கார்டு:
ராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞரின் பிறந்தநாள் என்பதால், அந்த நாள் அவருக்கே இருக்கட்டும் என்று தன்னுடையதை 2ஆம் தேதி கொண்டாடுகிறார். இசைஞானி என்ற பட்டத்தைக் கொடுத்தவரே கலைஞர்தான். அதனால் பலகையில் 2 போடுங்கள். அவர் விருப்பம் அது.

‘சொன்னது நீதானா’ அருமையான தேர்வு. சிதார் எழுந்து, சுசீலாம்மா அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது நூலகமே அமைதியாகிவிடும். ஆனால் நெஞ்சில் ஓர் ஆலயம் 1962இல் வந்த படம். அதைப் போட்டால் இசை என்ற இடத்தில் ராமமூர்த்தி பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். பிறந்தநாள்காரர்கள் இருவர் மட்டும் இருக்க வேண்டுமென்றால் அபூர்வ ராகங்கள் (1975) படத்தின் ‘அதிசய ராகம்’ போடலாம். எழுதியவர் கவிஞர், இசை எம்.எஸ்.வி. தனியாக, பாடியவர் யேசுதாஸ்.

பங்குனிராகம்:
தீட்சிதருக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய ஆங்கிலத் தேதியை 1775 என்றும் போடுகிறார்கள், 1776 என்றும் போடுகிறார்கள். திருவாரூரில் பங்குனி மாதக் கிருத்திகையில் பிறந்தவர் என்பதுதான் வழிவழியாகச் சொல்லி வருவது. அதனால் குறிப்புப் பத்தியில் ‘பங்குனிக் கிருத்திகை’ என்று போட்டு, ஒவ்வொரு வருடமும் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 24ஐ டி.எம்.சௌந்தரராஜனுக்குக் கொடுத்துவிடலாம்.