இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோபம், அழுகையைச் சமாளிக்க என்ன சொல்லித் தருகிறீர்கள்?

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன், கணக்கில் ஒன்று தப்பானால் போதும், அந்தப் பக்கத்தையே கிழித்துக் கசக்கி டவுசர் பையில் திணித்துக்கொள்வான், அப்புறம் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டான். இன்னும் சிலர் கோபம் வந்தால் உடனே கையை ஓங்கிவிடுகிறார்கள். அதட்டினால் அடங்குகிறார்கள், அவ்வளவுதான்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடவேளை கொண்டுவந்தார்களே, நர்சரியிலிருந்து எட்டாம் வகுப்புவரை, தேர்வு கிடையாது, கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிப்பது, ஒரு கதை, அதைப் பற்றிப் பேச்சு என்று. அந்த மாதிரி ஏதாவது செய்ய எனக்குக் காலையில் 15 நிமிடம் கிடைக்கும். பூவை மோந்து மெழுகுவத்தியை ஊதுகிற மூச்சுப் பயிற்சியைச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள், ஆனால் நிஜமாகக் கோபம் வரும்போது ஒருத்தருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. முகபாவ அட்டை மாட்டினால் எல்லாரும் சிரிக்கிற முகத்தையே தொடுகிறார்கள் (டீச்சருக்குப் பிடிக்கும் என்ற நினைப்பு போல!).

தமிழிலேயே கதை, விளையாட்டு, நாடகம் எது இருந்தாலும் சொல்லுங்கள். அந்தப் பையனிடம் உடனே பேசுவதா, கொஞ்சம் ஆறட்டும் என்று விடுவதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. பிரிண்ட் எடுக்கிற ஒர்க்‌ஷீட் மட்டும் வேண்டாம், பள்ளியில் பிரிண்டர் இல்லை.