பிரஷர் குளிசையும் கல்சியக் குளிசையும் ஒன்றையொன்று வெட்டாதா?

உவர்மலைப் பேத்தி:
அம்மம்மாவுக்கு 74 வயது. குளிசைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறா. அதில் பிரஷருக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் இருக்கிறது. ‘கல்சியம் கால்வாய் தடுப்பான்’ என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே எலும்புக்கு எழுதிக்கொடுத்த கல்சியம்! கேட்டால், “காலமை ஒண்டு, இரவு ஒண்டு, அதுகள் சண்டை பிடிக்காதுகள்” என்கிறா. உண்மைதானா? கணுக்காலும் வீங்குகிறது.

நிலாவெளியான்:
வீக்கம் என் அப்பாவுக்கும் வந்தது. கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கியதால் என்று நினைத்து எண்ணெய் பூசினோம். கடைசியில் பிரஷர் குளிசைதான் காரணம். நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
அம்மம்மா சொன்னது சரி. அம்லோடிபின் கல்சியத்தைத் தொடுவதில்லை, கல்சியம் கலத்துக்குள் போகும் வாசலை, அதாவது அந்தக் ‘கால்வாயை’த்தான் பிடிக்கிறது. சின்ன நாடிகளின் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின்) சுவரில் மழமழப்பான தசை இருக்கிறது. அந்தத் தசைக் கலத்துக்கு வெளியே கல்சிய அயன் உள்ளேயிருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வின் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் வாசல் திறக்கும், கல்சியம் பாயும், தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும், பிரஷர் ஏறும். மருந்து வாசலைப் பிடித்தால் குழாய் தளரும், பிரஷர் இறங்கும். கல்சியக் குளிசை விழுங்கினாலும் இரத்தத்தில் அளவு பெரிதாக ஏறாது, ஹோர்மோன்கள் இழுத்துப் பிடித்துவிடும். ஆனாலும் உங்கள் கேள்வி மொக்கையில்லை. இந்த மருந்தை அளவுக்கு மிஞ்சி விழுங்கியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கல்சியத்தை ஊசியாக ஏற்றுவதுண்டு.

வீக்கத்துக்குக் காரணம், சின்ன நாடிகள் விரிகிற அளவுக்கு, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்கள் விரியாதது. இடையிலுள்ள மயிர்க்குழாயில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது.

உவர்மலைப் பேத்தி:
அப்ப இதயம்? கை தசை? இன்றைக்கும் ஒரு முழுத் தேங்காய் துருவினாவே!

பழைய வாத்தியார்:
கைத்தசை தனக்குள் சேமித்த கல்சியத்தில் சுருங்கும், வெளியிலிருந்து வருவதை நம்பியில்லை. இதயத்தில் அதே வகை வாசல்தான். ஆனால் அங்கே ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 90 மில்லிவோல்ற் அளவு, நாடிச்சுவரில் மைனஸ் 50 பக்கம். மைனஸ் குறைந்த இடத்து, அதாவது நாடிச்சுவரின், வாசலில்தான் இந்த மருந்து இறுகப் பிடிக்கும். அதனால் வழமையான அளவில் நாடிக்குத்தான் முதல் அடி.

உவர்மலைப் பேத்தி:
வாசித்துக் காட்டினேன். “நான் முதலே சொன்னனான்” என்றா. வீக்கத்தை அடுத்த கிளினிக்கில் காட்டுகிறோம்.