மகளுக்கு மயக்கவியல் உதவியாளர் படிப்பில் இடம்: சேர்க்கலாமா, வேண்டாமா?

ஜார்ஜியா அப்பா:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயிரியலில் இளநிலைப் பட்டம் முடித்து, மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் தேர்வும் எழுதியிருக்கிறாள். இப்போது இங்கே அமெரிக்காவில் மயக்கவியல் உதவியாளர் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று கூடுதலான படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

ஊரில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது, "உதவியாளரா? தியேட்டரில் சிலிண்டர் மாற்றுகிற வேலைக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இங்கே தெரிந்த செவிலியர் ஒருவர், "ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காத பிள்ளையை நம்பி யார் கண்ணை மூடுவார்கள்?" என்றார். இரண்டு நாளாக அந்தக் கேள்விதான் தூங்கவிடவில்லை. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கிளீவ்லாந்துக்காரன்:
ஐயா, பதினோரு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். முதலில் உங்கள் அக்காவுக்குப் பதில். நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவர். கருவியைத் தயார் செய்து தந்து பக்கத்தில் நிற்பவர் டெக்னீஷியன். அவர் மனத்தில் இருப்பது அந்த டெக்னீஷியன்தான். அதுவும் மதிப்புள்ள வேலையே, ஆனால் உங்கள் மகள் படிக்கப்போவது அது இல்லை. இங்கே மயக்கவியல் மருத்துவர் வகுத்த திட்டப்படி மருந்தைச் செலுத்துவது, மூச்சுக்குழாயில் குழாய் போடுவது, அறுவை முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் இருந்து ஒவ்வொரு மூச்சையும் கவனிப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு.

இது நேற்று முளைத்த தொழிலும் இல்லை. 1960களில் மயக்கவியல் மருத்துவர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. கிராவன்ஸ்டீன், ஸ்டைன்ஹாஸ், வோல்பிட்டோ என்ற மூன்று மயக்கவியல் மருத்துவர்கள் உட்கார்ந்து யோசித்ததன் பயனாக, 1969இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலும் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலும் முதல் படிப்புகள் தொடங்கின. மருத்துவம் படிக்கப்போகும் மாணவருக்கு என்ன அடிப்படை வேண்டுமோ, அதே கரிம வேதியியல், இயற்பியல், உடலியங்கியல் எங்களுக்கும் வேண்டும். அதற்குமேல் அறுவை அரங்கில் 2,000 மணி நேரத்துக்கும் அதிகமான பயிற்சி, பிறகு தேசியச் சான்றிதழ்த் தேர்வு. சான்றிதழுக்கான ஆணையம் 1989இலிருந்தே இருக்கிறது.

தொடாத பிள்ளை என்கிறார்களே, படிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே தொட வைத்துவிடுவார்கள். முதல் பருவத்தில் ஒரு முதியவரின் கையில் ரத்தநாளம் கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "மெதுவாகச் செய், எனக்கு அவசரம் இல்லை" என்றார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அயோவா செவிலி:
தம்பி, உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த முதியவரின் கையில் நீங்கள் கற்றுக்கொண்டதை, நாங்கள் மயக்கவியல் பள்ளியின் வாசலை மிதிப்பதற்கு முன்பே கற்று முடித்திருப்போம். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் மயக்கவியல் செவிலியர். முதலில் செவிலியர் பட்டம், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள். விதிப்படி ஓர் ஆண்டு போதும். அதன் பிறகுதான் மயக்கவியல். 2022 முதல் சேர்பவர்கள் எல்லோருமே முனைவர் நிலைப் படிப்பை முடித்தாக வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு. மணி மூன்று இருக்கும். வென்டிலேட்டரில் ஓர் அம்மா. திரையில் ரத்த அழுத்தம் சரி, நாடி சரி, எண்கள் எல்லாமே சரி. போர்வையை இழுத்துவிடப்போனபோது அவர் பாதத்தில் கை பட்டது. சில்லென்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு தொட்டபோது அப்படி இல்லை. முழங்காலைத் தொட்டேன், அதுவும் குளிர்ந்துகொண்டிருந்தது. மருத்துவரை எழுப்பினேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. திரையில் எண் இறங்கத் தொடங்கியபோது ரத்தப் பைகள் வந்து சேர்ந்துவிட்டன. இதை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அண்ணா? நோய்வாய்ப்பட்ட உடம்போடு இரவு இரவாக இருந்தால்தான் அது கைக்கு வரும்.

வரலாறு பேசினால், கிளீவ்லாந்து எங்களுக்கும் சொந்தம். அகதா ஹாட்ஜின்ஸ் லேக்சைட் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்ததும், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே நகரத்தில்தான். 1931இல் மயக்கவியல் செவிலியர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருக்கும் முன்னால் மேயோ மருத்துவமனையின் ஆலிஸ் மகாவ் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906இல் எழுதி வெளியிட்டார். அவரும் செவிலியரே.

ஜார்ஜியா அப்பா:
சகோதரி, பாதத்தைத் தொட்டுப் பார்த்த அந்த இரவைப் படித்துவிட்டு மகளிடமும் காட்டினேன். அவள் எதுவும் பேசாமல் இரண்டு முறை படித்தாள்.

கிளீவ்லாந்துக்காரன்:
அக்கா, அந்த இரவை நான் மறுக்க மாட்டேன். உங்களைப் போன்றவர்களிடம்தான் நானும் பாதி கற்றேன். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வழியாக வந்தால்தான் கை பழகும் என்பதை ஏற்க முடியவில்லை. மயக்கவியலுக்கென்று தனிப் புலன் ஒன்று இருக்கிறது. அது அறுவை அரங்கில்தான் வளரும்.

ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். அளவு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். புதிதாக வருபவர்கள் திரையைப் பார்ப்பார்கள். ஓராண்டு போனால் காதே போதும். சென்ற ஆண்டு ஒரு குழந்தைக்கு டான்சில் அறுவை. முடிந்து குழாயை எடுத்தாகிவிட்டது. திரும்பி மருந்துச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். சுருதி அரை இழை இறங்கியது. திரும்பிப் பார்த்தால் நெஞ்சுக்கூடு மேலே ஏறுகிறது, காற்று உள்ளே போகவில்லை. குரல்வளை இறுக மூடிக்கொண்டுவிட்டது. முகமூடியைப் பொருத்தி, தாடையை முன்னுக்குத் தள்ளி, அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தபடியே மருத்துவரை அழைக்கச் சொன்னேன். குழந்தை மறுநாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டது.

இன்னொன்று. 2018இல் 'அனஸ்தீசியாலஜி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் 2004 முதல் 2011 வரை நடந்த 4.4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். மருத்துவரோடு செவிலியர் இருந்த குழு, மருத்துவரோடு எங்களைப் போன்றவர் இருந்த குழு, இரண்டையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பிலும், தங்கிய நாட்களிலும், செலவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீங்கள் சொல்லும் அடித்தள வேறுபாடு உண்மையிலேயே ஆபத்தானது என்றால், அவ்வளவு பேரில் அது தெரிந்திருக்காதா?

அயோவா செவிலி:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும். இரண்டு குழுவிலுமே மருத்துவர் இருந்தார், தம்பி. மருத்துவர் அருகில் இருக்கும்போது நீங்களும் நாங்களும் ஒன்று என்றுதான் அது சொல்கிறது. அவர் இல்லாத இடத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான் இருப்பது அப்படிப்பட்ட இடம். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001இல் வழி வந்தபோது முதலில் விலகியது அயோவாதான். எங்கள் ஊர் மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவரே இல்லை. பனிக்காலத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்து, குழந்தையின் நாடி இறங்கினால், முதுகில் ஊசி போட நான் ஒருத்திதான். உங்கள் படிப்பை முடித்த எவரும் அங்கே வர முடியாது. திறமை இருந்தாலும் சட்டம் விடாது, மயக்கவியல் மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் உங்களுக்கு வேலை. அப்படியானால் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தத் தொழில் என்ன தருகிறது?

அண்ணா, உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். எல்லா மாநிலங்களிலும் இந்த உரிமம் இல்லை. நாளைக்குத் திருமணமாகி கலிபோர்னியா போனால், கையில் பட்டம் இருந்தும் வேலை செய்ய முடியாது. யோசியுங்கள்.

புளோரிடா மயக்கவியல் மருத்துவர்:
மதுரையில் எம்.பி.பி.எஸ்., இங்கே மயக்கவியல். தினமும் இரண்டு வழியிலும் வந்தவர்களோடு வேலை செய்கிறேன். என் வார்த்தையை ஒரு சார்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: மருத்துவர் உடனிருக்கும் முறையே பாதுகாப்பானது என்று நம்புகிறேன், அந்த முறைக்கென்றே பயிற்சி பெற்று வருபவர்கள் சான்றிதழ் பெற்ற மயக்கவியல் உதவியாளர்கள்.

மெடிகேர் விதிப்படி நான் ஒரே நேரத்தில் நான்கு அறைகள் வரை பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும், திட்டத்தை நானே வகுக்க வேண்டும், மயக்கத்தில் ஆழ்த்தும்போதும் எழுப்பும்போதும் உடனிருக்க வேண்டும், அவசரம் என்றால் உடனே போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நான் வழிநடத்தியதாகச் சொல்லிக் கட்டணம் கேட்க முடியாது.

செவிலி அம்மா கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காலை 7:30 மணிக்கு நான்கு அறைகளும் ஒன்றாகத் தொடங்கினால் நான் எந்த அறையில் இருப்பேன்? நேர்மையாகச் சொல்கிறேன், இந்த முறையின் பலவீனமான நேரம் அதுதான். எங்கள் குழுவில் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் தொடங்கச் சொல்லி அறுவை மருத்துவர்களோடு சண்டை போட்டோம். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்றும் வாரத்துக்கு ஒரு முறை அதே சண்டை நடக்கிறது, விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மகள் வேலைக்குச் சேரும் இடத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லீட்ஸ் மருத்துவர்:
இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இதே போன்ற வேலை செய்பவர்களுக்கு மயக்கவியல் அசோசியேட் என்று பெயர். அவர்களுக்கு எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே வந்தது. 2023 அக்டோபரில் மயக்கவியல் ராயல் கல்லூரியின் சிறப்புக் கூட்டத்தில், மயக்கவியல் அசோசியேட்டுகளைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 2024 டிசம்பரில்தான் அவர்கள் பொது மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறைக்குள் வந்தார்கள். 2025இல் அரசு கேட்டு வந்த லெங் அறிக்கை, 'அசோசியேட்' என்ற சொல் மக்களைக் குழப்புகிறது, 'அசிஸ்டென்ட்' என்றே அழையுங்கள் என்று பரிந்துரைத்தது. உங்கள் அக்கா எந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தாரோ, அந்தப் பெயரையே இங்கே நோயாளியின் நலனுக்காகக் கேட்கிறார்கள்.

என் நிலை எதிர்ப்புதான். மருத்துவப் பட்டம் முடித்து, மயக்கவியல் பயிற்சி இடத்துக்காகக் காத்திருக்கும் இளம் மருத்துவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இடம் தராமல் இன்னொரு வாயிலைத் திறப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமெரிக்காவின் கணக்கு வேறாக இருக்கலாம்.

கிளீவ்லாந்துக்காரன்:
டாக்டர், எங்கள் கணக்கு வேறுதான். அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அயோவா பெண்ணைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே நான் போக முடியாது என்பது உண்மை. ஆனால் தனியாக நிற்க முடியாத தொழில் என்பதால் தாழ்ந்த தொழில் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தனியாக நிற்கக் கூடாது என்று தெரிந்தே நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

அயோவா செவிலி:
தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கு ஒரு மகள் இருந்து, இதே கேள்வியோடு வந்தால், முதலில் செவிலியர் படி, இரண்டு ஆண்டு நோயாளியின் படுக்கையருகே நில், பிறகு முடிவு செய் என்றுதான் சொல்வேன். அதில் மாற்றம் இல்லை.

ஜார்ஜியா அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மகள் முழுவதையும் படித்துவிட்டாள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். கிளீவ்லாந்துத் தம்பிக்கு: அந்தக் குழந்தையின் குரல்வளை மூடியபோது மருத்துவர் வர எவ்வளவு நேரம் ஆனது? அதுவரை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கிளீவ்லாந்துக்காரன்:
நேரத்தை நான் பார்க்கவில்லை. மாலையில் கருவியின் பதிவைத் திறந்து எண்களைப் பார்த்தேன். அழைக்கச் சொன்னபோது ஆக்சிஜன் 88. அழுத்தம் கொடுத்தும் காற்று போகவில்லை, மயக்கத்தை ஆழமாக்கக் கொஞ்சம் புரோபோஃபால் கொடுத்தேன், அப்போது 79. மருத்துவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது 71. அதற்குள், தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியைச் செவிலியர் என் கையில் வைத்திருந்தார். மருத்துவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொடு" என்றார். கொடுத்தேன். முகமூடிப் பையை அவர் வாங்கிக்கொண்டார். சுருதி ஏறத் தொடங்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.