இரண்டரை மாதக் குழந்தைக்கு ஓமத் தண்ணீரும் உரை மருந்தும் கொடுக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் இளைய மகனுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறான். மாலை ஆறு மணிக்கு மேல் காலை மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க வீறிட்டு அழுகிறான்; சில நாட்களில் ஒன்பது மணி வரையிலும் அழுகை ஓய்வதில்லை. மற்ற நேரங்களில் நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் ஏறி வருகிறது. ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இரண்டு சங்கு புகட்டினால் வயிற்றுப் பொருமல் அடங்கிவிடும் என்றும், தலைக்கு ஊற்றும் நாளில் உரை மருந்தை இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும் என்றும் என் மாமியார் சொல்கிறார். தம் பிள்ளைகள் நால்வருக்கும் கொடுத்து வளர்த்ததைத்தான் அவர் சொல்கிறார் என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. மூத்தவளுக்கு மூன்று வயது; சளி பிடித்தால் அவளுக்குத் துளசியும் கற்பூரவள்ளியும் சேர்த்துக் கஷாயம் வைப்போம். எந்த வயதில் எதைக் கொடுக்கலாம், எது கூடவே கூடாது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (குழந்தைகள் பிரிவுச் செவிலியர்)

சகோதரி, பால் குடித்து எடை ஏறும் குழந்தை மாலையில் மட்டும் இப்படி அழுவது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். ஓமத் தண்ணீர் கொடுத்த வீட்டில் ஓமத்தால் அடங்கியது என்பார்கள், கிரைப் வாட்டர் கொடுத்த வீட்டில் அதனால் அடங்கியது என்பார்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், வெயில் காலத்தில்கூடத் தனியே தண்ணீர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தும் சொட்டு மருந்தும் மட்டுமே இதற்கு விலக்கு. எல்லோரும் ஓமம் நல்லதா கெட்டதா என்றே வாதிடுகிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சின்னஞ்சிறு வயிற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் அந்த அளவுக்குப் பால் குறையும். பிள்ளை குறைவாக உறிஞ்சினால் தாய்க்குச் சுரப்பும் குறையும். சிறுநீரகம் முதிராத அந்த வயதில், கொடுக்கும் தண்ணீர் அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்பு வரைக்கும் போகும். சங்கைச் சரியாகக் கொதிக்கவைக்காவிட்டால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். அவை பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாமல் போய்விடும், கைக்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல் தோன்றும். பிறகு பால் உறிஞ்சும் வேகமும் அழுகைக் குரலும் தளர்ந்து, கழுத்து துவளும். சாதாரணக் கொதிநிலையில் அந்த வித்துகள் சாவதில்லை என்பதால் மலைத்தேன், காய்ச்சிய தேன் என்ற சமாதானமெல்லாம் இங்கே செல்லாது.

மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டு வைத்தியம் எதையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுமொழி 2 (சித்த மருத்துவர்)

முன்னவர் கூறியதை ஏற்கிறேன். உரை மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, அதிமதுரம் ஆகியவற்றைச் சோற்றுப் பானையில் வேகவைத்துக் காயவைத்து, உரைகல்லில் இழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கல்லின் சொரசொரப்பும் இழைப்பவரின் கை அழுத்தமும் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே இரண்டு இழைப்பு என்பது ஓர் அளவே ஆகாது. ஜாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும். அழுகை நின்றதைக் கண்டு நோய் நின்றதாக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் போற்றும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் உண்டு. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால், 1968 முதல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. மருத்துவர் நேரில் பார்த்து அளவு சொல்லாமல் பச்சிளங்குழந்தையின் வாயில் இவற்றை வைக்காதீர்கள் என்றே என்னிடம் வருவோரிடமும் சொல்லிவருகிறேன். அரைத்த பொடியாக டப்பாவில் விற்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மூன்று வயது மகளுக்குச் சாதாரணச் சளி என்றால், கற்பூரவள்ளி இலை ஒன்றையும் துளசி இலை நான்கைந்தையும் நன்றாகக் கழுவி, ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, வெதுவெதுப்பாக இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுக்கலாம். இரவில் இருமல் தொல்லை இருந்தால், ஒரு வயது கடந்த பிள்ளை என்பதால் அரைத் தேக்கரண்டித் தேன் தடையில்லை. இரண்டு நாளில் குறையவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதிமதுரத்தை நாள்கணக்கில் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சோம்புத் தண்ணீரை எஸ்ட்ரகோல் என்ற பொருளின் காரணமாக நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை கூறுகிறது. பூசைக் கற்பூரத்தை எந்த வயதுப் பிள்ளைக்கும் உள்ளே கொடுக்கக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரும்.

மறுமொழி 3 (இரு பேரக்குழந்தைகளின் பாட்டி)

மகளே, மாமியாரிடம் கூடாது என்று மட்டும் சொன்னால் மனம் நோவார்; வேறு பொறுப்பைக் கொடுத்துப் பார். பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வைப்பது, கைச்சூட்டில் வயிற்றை மெல்லத் தடவுவது, அழும் நேரத்தில் தூளியில் ஆட்டுவது, இவற்றில் எங்களைப் போன்றவர்களுக்குக் கைப்பழக்கம் அதிகம். அடுத்த தடுப்பூசிக்கு அவரையும் அழைத்துப் போ. மருத்துவர் வாயால் கேட்பது வேறு, மருமகள் வாயால் கேட்பது வேறு. ஓமத் தண்ணீரை நீ ஒரு டம்ளர் குடிப்பதில் குற்றமில்லை, அவருக்கும் மனம் நிறையும். அதனால் பிள்ளையின் அழுகை நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தேனையும் ஓமத் தண்ணீரையும் தவிர்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஓர் ஐயம்: பக்கத்து வீட்டில் அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரியாணியில் போடுவதுதானே என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 1 (குழந்தைகள் பிரிவுச் செவிலியர்)

அதையும் தவிர்த்துவிடுங்கள். நாம் சமையலில் போடுவது சீன வகை. ஜப்பானிய வகை ஒன்று இருக்கிறது; அதிலுள்ள அனிசாட்டின் என்ற நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். காய்ந்த பிறகு இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். வணிகத்தில் ஒன்றுடன் மற்றொன்று கலந்து வந்ததும் உண்டு. இந்தத் தேநீர் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் வாந்தியும் ஏற்பட்டதைத் தொடர்ந்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. யாரேனும் ஏற்கெனவே புகட்டியிருந்து குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் துடிப்பாகவோ சோர்வாகவோ தெரிந்தால், மீதமுள்ள பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எதைக் கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.